மலை ஏறினால் குளிரும் கார்

எங்கள் பக்கத்தில் ஒரு வண்டியை ரிப்பேர் பார்த்தால், அதை லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலை ஏற்றி இறக்கினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பிரேக் மாற்றினாலும் மலை, கிளட்ச் மாற்றினாலும் மலை, ஹாரன் மாற்றினால்கூட மலைதான். உத்தமபாளையத்தில் பைபாஸ் ஓரம் நாங்கள் நடத்தும் கார் ஏசி பட்டறைக்கும் அதே சட்டம். "ஏத்தத்துல நின்னுருச்சுன்னா எங்கன போனாலும் நிக்கும்" என்பது என் வீட்டுக்காரரின் வேதவாக்கு. மேலே போய், கேரளா எல்லையில் ஒரு டீயும் பழம்பொரியும் சாப்பிட்டு வருவது அந்தச் சோதனையின் முக்கியமான பகுதி. பழம்பொரிக்காகத்தான் மலை ஏறுகிறார் என்று பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவர் மறுத்ததே இல்லை.

பட்டறையில் கம்ப்ரஸர், பைப், கேஸ் எல்லாம் அவர் பொறுப்பு. வயர், சென்சார், ஸ்கேனர் என் பொறுப்பு. நான் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, அவர் மல்டிமீட்டரைப் பிடித்திருந்த லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கையிலிருந்து பிடுங்கினேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு முன்கோபம், அவருக்குப் பிடிவாதம். வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் சண்டையை வேடிக்கை பார்ப்பார்கள். சில பேர் காருக்கு ஒன்றுமில்லாதபோதும் வருவதாக எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தக் கதை என் நாத்தனாரின் காரைப் பற்றியது. என் வீட்டுக்காரரின் அக்கா. கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். அவர் வாய் திறந்தால் தெருமுனைவரை கேட்கும். மனசும் அதே அளவுக்குப் பெரிசு என்பதால் நான் சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகிவிடுவேன். அவருக்கு ஒரே மகள். தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்து வெகுநாள் குழந்தையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாக ஏறி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இறங்கி, கடைசியில் ஒருவழியாக உண்டானாள். அன்றைக்கு நாத்தனார் எங்கள் பட்டறைக்கே வந்து, கிரீஸ் கையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் சேலையில் பட்ட கறை இன்னும் போகவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்களுக்கு எழுதாத சட்டம். வளைகாப்பு போட்டு மகளைக் கம்பத்துக்கு அழைத்துவர நாள் பார்த்து, அறைக்கு வெள்ளையடித்து, உத்தரத்தில் தொட்டில் கொக்கிவரை மாட்டியாகிவிட்டது. அதற்குள் குழந்தைக்கு அவசரம். நாள் இருக்கும்போதே வலி வந்து, மாமியார் வீட்டிலிருந்து பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை குறைவு என்று கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிறகு தேறிவிட்டது. வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், வெக்கை மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா.

அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, பெண்ணின் மாமியார், அதாவது சம்பந்தியம்மா, மெதுவாக ஆரம்பித்தார். சிவந்த, ஒல்லியான மனுஷி. பேச்சு சத்தமாக இருக்காது, ஆனால் தைக்கும்.

"பச்சமண்ணு. கம்பம் எங்கன இருக்கு, தேவதானப்பட்டி எங்கன இருக்கு? கத்திரி வெயில்ல அம்புட்டுத் தூரம் எதுக்கு? ஒங்க வண்டியில ஏசி வேற நின்னு நின்னு வருதாமே. எம்மகந்தான் சொன்னான். பேசாம எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏசி சரியாயிரும் சம்பந்தி. எந்தம்பி பட்டறையே வச்சிருக்கான்" என்றார் நாத்தனார்.

"சரியாச்சுன்னா கூட்டிட்டுப் போங்க. நாந்தான் ஒக்காந்து பாத்து அனுப்புவேன்."

இதில் வேறு ஒரு சிக்கல். வியாழன் தவறினால் வெள்ளிக்கிழமை பெண்பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பமாட்டார்கள். சனிக்கிழமை பேச்சுக்கே இடமில்லை. அதற்குள் தேவதானப்பட்டியில் தொட்டில் கட்டிவிட்டால் அப்புறம் யார் அவிழ்ப்பது? வாடகைக் கார் பிடிக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "எம்பேத்தி மொதமொதல்ல வீட்டுக்கு வாரது வாடகை வண்டியிலயா?" என்று நாத்தனார் என்மேல் பாய்ந்தார். அது அறிவுக்குப் பொருந்தாத வீம்புதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி வாடகைக் காரைப் பற்றி வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. நாத்தனாரும் கூடவே வந்தார்.

"ஏலே, கேஸ் போயிருச்சு போல. அடிச்சு விடு."

எங்கள் பள்ளத்தாக்கில் ஏசி நின்றால் எல்லோர் வாயிலும் வரும் முதல் வார்த்தை இதுதான். டிரைவர் சொல்வார், டீக்கடைக்காரர் சொல்வார், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"கேஸ் என்ன பெட்ரோலா மதினி, ஓட ஓடக் கொறையிறதுக்கு? ஓட்ட இல்லாம அது எங்கன போகும்?" என்றேன்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி மீட்டரை மாட்டினார். கேஸ் இருக்கவேண்டிய அளவில் கச்சிதமாக இருந்தது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். ஓர் இடத்திலும் குமிழ் இல்லை. கண்டென்சரில் அடைத்திருந்த பூச்சி, தூசியையெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். ஃபேனை ஓடவைக்கும் ரிலேவைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு வழக்கம்போல மலைக்குக் கிளம்பினார். போன் செய்து, "ஐஸ்பெட்டிக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கு" என்றார். வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார். எதை என்று கேட்கவேண்டிய அவசியமில்லை.

நாத்தனாரின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, காரை எடுத்துக்கொண்டு தேனிக்குப் போனார். வீரபாண்டி தாண்டுவதற்குள் ஏசி அனல் காற்றை ஊதியதாம். திரும்பி எங்கள் பட்டறைக்கு வந்து நிறுத்தியபோது ஏசி நல்ல பிள்ளையாகக் குளிர்ந்தது. இவர் கம்ப்ரஸரின் வயரை மாற்றி, இன்னொரு தடவை மலை ஏறினார். குளிர்ந்தது. இறங்கினார். அண்ணன் ஓட்டினார். நின்றது.

"என்னப்பா இது, மலைக்குப் போனாத்தான் குளுருவேன்னு அடம் பிடிக்குது? எம்பேத்திய குமுளியிலயா வளக்க முடியும்?" என்று நாத்தனார் கத்தியபோது பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒன்று பளிச்சென்று பட்டது. இவ்வளவு நேரம் எனக்கே தோன்றாமல் போனதை நினைத்து என்மேலேயே எரிச்சலும் வந்தது.

"ஏங்க, மலையில காத்து எப்படி இருக்கும்?"

"குளுகுளுன்னு இருக்கும். ஏன்?"

"அங்கன போனா ஏசி எதுக்கு நிக்கப்போகுது? ஏத்தம் எஞ்சினுக்குத்தானே கஷ்டம்? ஏசிக்கு வெயில்தானே கஷ்டம்? வெயில்ல நிக்கிற கோளாற மரத்தடியில தேடிக்கிட்டு இருக்கீக."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏத்தா, இத்தன வருசமா மலையிலதான பாக்குறோம்" என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். "அது சரி" என்றார். அவர் "அது சரி" என்று சொன்னதைக் கேட்டு நாத்தனாரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை. ஒரே நாள்தான் கையில் இருந்தது. உச்சிவெயிலில், நிழலே இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தேனியைத் தாண்டி, பெரியகுளம் வழியாக தேவதானப்பட்டி ரோட்டில் விட்டோம். இவர் ஓட்டினார். நான் பக்கத்தில், காரின் கம்ப்யூட்டரோடு இணைத்த ஸ்கேனர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் ஓடும் எண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இதில் புரியாத வித்தை ஒன்றுமில்லை. ஏசி கேஸ் போகும் பைப்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காரின் கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. அழுத்தம் எல்லை மீறினால், பைப் வெடித்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கம்ப்ரஸர் நின்றால் குளிர் நின்றது. கம்ப்யூட்டர் தானாக எதையும் பார்ப்பதில்லை. சென்சார் சொன்னால் நம்பும்.

பெரியகுளம் தாண்டும்வரை எண்கள் ஒழுங்காக இருந்தன. மாந்தோப்புகள் முடிந்து வெட்டவெளி வந்ததும் அழுத்தம் ஏறத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, திடீரென்று தாவியது. கிளிக் என்று ஒரு சத்தம். அனல் காற்று முகத்தில் அடித்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! எஞ்சின அணைக்காதீக!"

ஓரங்கட்டினார். பானட்டைத் திறந்து, கேஸ் பைப்பில் மீட்டரை மாட்டினார். கம்ப்ரஸர் நின்றுவிட்டதால் பைப்புக்குள் அழுத்தம் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மீட்டரில் கூடுதல் அழுத்தத்தையும் குறைந்த அழுத்தத்தையும் காட்டும் இரண்டு முள்ளும் ஒன்றை ஒன்று நோக்கி வந்து நின்றன. அதுதான் இயல்பு. ஆனால் என் கையில் இருந்த திரையில் அந்த உச்ச எண் அசையாமல் நின்றது. பைப்புக்குள் ஆபத்து ஒன்றும் இல்லை, சென்சார் மட்டும் வெடிக்கப்போகிறது வெடிக்கப்போகிறது என்று கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லுது!" என்று கத்தினேன். "பாருங்க, பச்சப்பொய்!"

அவர் டேப்லெட்டையும் மீட்டரையும் மாறிமாறிப் பார்த்தார். ஆனாலும் நான் அவசரப்படவில்லை. சென்சார்மேல் பழி போட்டு மாற்றிவிட்டு, கடைசியில் வயர்தான் கோளாறு என்று ஆகிவிட்டால் நாத்தனார் முன்னால் நிற்க முடியாது. பிளக்கைக் கழற்றினேன். திரையில் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சென்சாருக்கு வரவேண்டிய ஐந்து வோல்ட் சரியாக வந்தது, எர்த்தும் சரி. வயரைப் பிடித்து ஆட்டினேன், முறுக்கினேன். ஒன்றும் மாறவில்லை. பிளக்கை மறுபடி மாட்டியதும் அதே உச்ச எண் வந்து உட்கார்ந்தது.

"ஒங்க துண்டக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

தோளிலிருந்து உருவி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி நனைத்து, சென்சாரைச் சுற்றிப் போட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் போடுவதுபோல. இரண்டு பேரும் திரையை முறைத்துக்கொண்டு நின்றோம். எண் தயங்கியது. ஒரு படி இறங்கியது. அப்புறம் மளமளவென்று இறங்கி, மீட்டர் முள் காட்டிய இடத்திலேயே வந்து நின்றது. கிளிக். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. காருக்குள்ளிருந்து ஜில்லென்று காற்று வந்தது.

நான் ரோட்டோரத்திலேயே குதித்தேன். வெட்கமாக இல்லை. சூடேறினால் பொய் சொல்கிறது, சூடு தணிந்தால் உண்மை பேசுகிறது. மலையில் ஏன் பிடிபடவில்லை என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? "கெட்டிக்காரி" என்று இவர் என் முதுகில் தட்டினார். அந்த வேர்வைக் கையின் ஈரம் இப்போதும் முதுகில் இருப்பதுபோல இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே சம்பந்தியம்மா. மடியில் தூக்குச்சட்டி, பக்கத்தில் துவைத்து மடித்த வெள்ளைத் துணிகள். தேவதானப்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். திறந்த பானட்டையும், உள்ளே போர்த்திய ஈரத்துண்டையும், வேர்வையில் குளித்து நின்ற எங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வண்டி படுத்துருச்சா?"

"இல்ல அக்கா, கோளாறக் கண்டுபிடிச்சிட்டோம்!" என்றேன். சந்தோஷத்தில் என் குரல் கீச்சென்று வந்தது.

"துண்ட நனச்சுப் போட்டுத்தான் எம்பேத்தியக் கூட்டிட்டுப் போகப்போறீகளா?" என்றார். "தொட்டிலு எங்க வீட்லயும் கட்டியாச்சு." ஆட்டோ போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் துண்டு காய வெயிலே தேவையில்லை, என் கையில் வைத்திருந்தாலே காய்ந்திருக்கும். இவர் மட்டும், "பாவம், அந்தம்மா இந்த வெயில்ல தெனம் ரெண்டு நட வாராகளாம்" என்றார். அதைக் காதில் போட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

தேனியில் எங்களுக்குப் பழக்கமான ஸ்பேர் கடைக்குப் போன் செய்தேன். அந்த மாடலுக்கு ஒன்று கிடக்கிறது என்றார் கடைக்காரர். போய் வாங்கி, அவர் கடை வாசலிலேயே மாற்ற உட்கார்ந்தேன். இவருக்கு அதிலும் ஒரு பயம்.

"ஏத்தா, கழட்டுனா கேஸு பூராம் போயிருமே."

"போகாது. சென்சாருக்கு அடியில சைக்கிள் டியூப்புல இருக்குற மாதிரி ஒரு வால்வு இருக்கு. இந்த வண்டிக்கு இருக்கு, பாத்துட்டேன்."

சுழற்றினேன். உஸ் என்று துளி சத்தம், அவ்வளவுதான். புது ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் தடவி, புது சென்சாரைப் பொருத்தினேன். கைக்குள் இருந்த பழையதைப் பார்த்தால் பளபளவென்று, ஒரு தப்பும் செய்யாததுபோல இருந்தது.

"இப்ப ஒரு தடவ மலைக்கு..." என்றார் இவர்.

நான் பார்த்த பார்வையில் அவர் வண்டியைப் பெரியகுளம் பக்கம் திருப்பினார். இன்னும் வெயில் குறையவில்லை. தேவதானப்பட்டிவரை போனோம், ஊருக்குள் போகாமல் திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே ரோடு நெளிந்தது. உள்ளே என் கை மயிர் குத்திட்டு நின்றது. எண்கள் ஏறின, இறங்கின. ஒரு தடவைகூடத் தாவவில்லை. பெரியகுளம் ரோட்டோரத்தில் மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இவர் வண்டியை நிறுத்தினார். ஏதாவது தின்னாமல் சோதனை முடிந்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஏசி காரில் உட்கார்ந்து, முழங்கை வழியச் சாறு ஒழுக மாம்பழம் தின்றபடி வீடு வந்தோம். அத்தனை இனிப்பான பழத்தை நான் அதற்குப் பிறகு தின்னவில்லை.

வியாழக்கிழமை நாத்தனார் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்றரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவேண்டும். டாக்டரம்மா வந்து கையெழுத்துப் போட்டு முடிக்கவே உச்சி நேரம் ஆகிவிட்டது. இவர் வேண்டுமென்றே காரை மரநிழலில் விடாமல் மொட்டை வெயிலில் நிறுத்தினார். என்னிடம் கற்றுக்கொண்ட பாடத்தை அப்படிக் காட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சம்பந்தியம்மா சொன்னபடியே காரில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் வெளியே வெயிலில் வரிசையாக நின்று, கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏசி வாயில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் என் முழங்கையைக் கிள்ளினார். "நின்னுராதுல்ல?" என்று கேட்டார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நிக்காது மதினி" என்றேன்.

கதவு திறந்தது. "நல்லாத்தான் குளுருது" என்றார் சம்பந்தியம்மா.

ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. மருமகள் கையிலிருந்த குழந்தையை வாங்கினார். வெள்ளைத் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிசெய்துகொண்டே இருந்தார். நாத்தனாரிடம் நீட்டினார். நாத்தனார் வாங்கிக்கொண்ட பிறகும் அவர் விரல்கள் துணியின் நுனியை விடவில்லை. "ராத்திரியில எடது பக்கமாத் திருப்பிப் போட்டாத்தான் தூங்கும்" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தம்மாவுக்கு ஏசியைப் பற்றி ஒரு நாளும் கவலை இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். வயர் வயராகச் சோதித்த எனக்கு இது தெரியவில்லை. என் நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையை மார்போடு அணைத்தபடி அவர் சத்தமாகச் சொன்னார். வராந்தா முழுக்கக் கேட்டது.

"என்ன சம்பந்தி நின்னுக்கிட்டு இருக்கீக? ஏறுங்க வண்டியில."

"நானா?"

"பின்ன? ராத்திரி எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்னு எனக்கென்ன தெரியும்?"

"மாத்துச்சேல கூட எடுத்தாரலையே..."

"எங்க வீட்டுல சேலைக்கா பஞ்சம்? ராகுகாலம் வருது, ஏறுங்க."

ஏறத்தான் இடமில்லை. டிரைவர் சீட்டில் இவர். முன்னால் மாப்பிள்ளை. பின்னால் மகள், குழந்தையோடு நாத்தனார், நான். மாப்பிள்ளை நல்ல மனுஷன். "நான் பஸ்ஸுல வாரேன்" என்று இறங்கப் பார்த்தார். "மாப்ளைய பஸ்ஸுல விடுறதா!" என்று நாத்தனார் பதறினார். எல்லோர் கண்ணும் மெதுவாக என் பக்கம் திரும்பின. என் வீட்டுக்காரர் மட்டும் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் பஸ்ஸுல வாரேன்" என்றேன். சொன்ன பிறகு பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமில்லை. சிரிப்புதான் வந்தது. சம்பந்தியம்மா என் இடத்தில் ஏறி உட்கார்ந்து, என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, உடனே குழந்தைக்குக் கை நீட்டினார். நாத்தனார் கொடுத்துவிட்டார். கார் கிளம்பியபோது ராகுகாலத்துக்குக் கொஞ்ச நேரமே பாக்கி.

திண்டுக்கல்லிலிருந்து வந்த கம்பம் பஸ் ஒன்று கிடைத்தது. நல்ல கூட்டம். எஞ்சின் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. ஏன் காலியாக இருந்தது என்று உட்கார்ந்த உடனே தெரிந்துவிட்டது. கீழே சூடு, மேலே தகரம், ஜன்னலில் அனல். முதுகிலிருந்து வேர்வை ஓடையாக ஓடியது. பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு ஓர் அம்மா தலையில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தார். தேனியைத் தாண்டும்போது போன் அடித்தது. நாத்தனார்.

"ஏத்தா, ஏசிய எப்படிக் கொறைக்கிறது? சம்பந்திக்குக் குளுருதாம். காலு வெறச்சுப்போச்சுங்கிறாக. புள்ளைக்கும் துணியச் சுத்திச் சுத்தி மூஞ்சியே தெரியல."

போனில் இடையே என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது: "அக்கா, நாந்தான் ஏசி மெக்கானிக்கு! நான் கொறைக்கிறேன்னு சொல்றேன்ல!"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நீ சொல்லாத்தா, எதத் திருகணும்?"

"முன்னால நீலமும் செவப்பும் போட்ட குமிழு இருக்குல்ல மதினி, அத செவப்புப் பக்கமாத் திருகச் சொல்லுங்க!" என்று பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "ரொம்பக் குளுந்தா ஒரு ஜன்னல லேசா எறக்கி விடுங்க!"

"சம்பந்தி, ஜன்னல எறக்கச் சொல்றா." "வேணாம் வேணாம், காத்து புள்ள காதுல பட்டுரும்." "அப்ப எம்முந்தானையப் போத்துங்க." இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். போனை வைக்கவும் மறந்துவிட்டார்கள். குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. உடனே இரண்டு குரலும் ஒன்றாக ஆராரோ என்று ஆரம்பித்தன. ஒன்று சத்தமாக, ஒன்று மெல்லிசாக. சுருதி சேரவே இல்லை. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணில் வழிந்தது வேர்வை மட்டுமல்ல.

வெற்றிலைக்கார அம்மா ஈரத்துணியைத் தலையிலிருந்து எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்தா, இந்த வெயில்ல யாருக்கும்மா குளுருது?"

"எங்க வீட்டுப் பொம்பளைகளுக்குத்தான்" என்றேன்.